பத்து பிட் இருட்டு

சுகுமாரனுக்குச் சாவு வீட்டு வீடியோ என்றாலே ஆகாது. ஆனால் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் அவருடைய மாடிக் கடைக்கு வருகிற பழைய கேசட்டுகளில் பாதி அதுதான். அந்தக் காலத்து மலேசியத் தோட்டத்து ஆட்கள் கல்யாணத்துக்கு எடுத்தது போலவே சாவுக்கும் வீடியோ எடுத்தார்கள். பாரிட் புந்தாரில் இருக்கும் பெரியப்பாவால் வர முடியவில்லையா, கேசட்டாவது போய்ச் சேரும். அப்புறம் அதை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயம், குப்பையில் போடவும் மனசு வராது. சுகுமாரனிடம் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி வாங்கிக்கொண்டு, கேசட்டை ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

ஐம்பத்து மூன்று வயது. ஆள் சாது, படம் என்று வந்துவிட்டால் மட்டும் பிடிவாதக்காரர். எல்லாவற்றையும் பத்து பிட் நிற ஆழத்தில்தான் சேமிப்பார். மற்ற கடைகளில் எட்டு பிட். எட்டு பிட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருநூற்று ஐம்பத்தாறு படிகள், பத்தில் ஆயிரத்து இருபத்து நாலு. நைந்துபோன கேசட்டுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கோப்பு பெரிதாகிறது, பழைய கணினியில் ஓடவில்லை என்று திட்டியவர்களும் உண்டு. இருட்டுக்குள் என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்பார் அவர். அவர் சொன்னது சரிதான், அந்தச் சரி அவரையே பதம் பார்க்கும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய அம்மா மாரியம்மா, தாப்பாவுக்குப் போகும் பழைய சாலையில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், பால் மரம் வெட்டியவள். தொண்ணூற்றாறில் இறந்து, தோட்டத்து இடுகாட்டிலேயே அடக்கமானாள். அந்தக் கேசட்டைப் பதினாறு வருடம் கழித்து அவர் கோப்பாக மாற்றினார். தங்கை தினேஸ்வரி அப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். குழியருகே முகத்தைத் திறந்து வாய்க்கரிசி போடும் அந்த நாலு நிமிடத்தில் அம்மாவின் முகம் தெரியக் கூடாது, சத்தம் மட்டும் இருக்கட்டும் என்றாள். அம்மா செத்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அன்றைக்கே அவள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் அரிசி போட்டாள். வெட்டி எறிய இவருக்குக் கை வரவில்லை. அந்த நாலு நிமிடத்தை மட்டும் நன்றாக இருட்டாக்கி, வழக்கம்போலப் பத்து பிட்டில் சேமித்தார். கேசட்டுக்குச் சூடம் காட்டி இருவருமாகக் கிந்தா ஆற்றில் விட்டார்கள்.

போன வருடம் தோட்டம் வீட்டு மனைகளுக்காகக் கைமாறியது. இடுகாட்டைத் தொட மாட்டோம் என்று வாங்கிய நிறுவனம் ஒப்புக்கொண்டது, கடைசி வரிசையைத் தவிர. அந்த வரிசையில் பன்னிரண்டு சமாதிகள், அதில் ஒன்று மாரியம்மாவுடையது. அவை எல்லைக் கல்லுக்கு வெளியே இருக்கின்றன, ஆகவே தோண்டி எடுத்து வேறு இடத்துக்கு மாற்றுவோம், அங்கே சாலை வருகிறது என்றது. கல் எங்கே என்றால், கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட காலத்திலேயே அது காணாமல் போயிருந்தது.

சுகுமாரனுக்குத்தான் ஞாபகம் வந்தது. அம்மாவின் குழிக்குப் பின்னால், இன்னும் நாலு எட்டுத் தள்ளி, தலையில் சிவப்புச் சாயம் அடித்த அந்த எல்லைக் கல் நின்றது. அந்த நாலு நிமிடத்தில் அது இருந்தாக வேண்டும். கடையில் கோப்பைத் திறந்து, திரையின் கீழ்ப்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு பிரகாசத்தை ஏற்றினார். மரங்களின் நிழலுக்குள்ளிருந்து கல் வந்தது. அன்றைக்கே மற்ற பதினோரு குடும்பத்துக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். கொஞ்சம் நாக்கைக் கட்டிவைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை, பழைய தோட்டத்து ஆபீசில் கூட்டம். நிறுவனத்தின் சார்பில் ஸ்கந்தராஜா வந்திருந்தார். எழுபது வயது வழக்கறிஞர், யாழ்ப்பாண வழிவந்த குடும்பம், குரலை உயர்த்தவே தெரியாதவர். குடும்பங்கள் எல்லாம் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தினேஸ்வரி முதல் வரிசையில். சுகுமாரன் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வராமல் பென் டிரைவை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அத்தனை நம்பிக்கை.

ஆபீஸ் கணினியிலிருந்து படம் சுவர்த்திரையில் பெரிதாக ஓடியது. பாடை வந்தது, பறைச் சத்தம் கேட்டது, பிறகு திரை கறுத்தது. பிரகாசத்தை ஏற்றிப் பார்த்தார். கறுப்பு சாம்பல் திட்டுகளாக மாறியதே தவிர, கல்லும் மண்ணும் ஒரே திட்டாகத்தான் கிடந்தன.

கோளாறு என்னவென்று அவருக்குத் தெரியும். கோப்பில் உள்ளதைத் திரையில் தீட்டிக் காட்டுவது வீடியோ ரெண்டரர். இந்தக் கணினியில் இருந்தது பழையது. பத்து பிட்டை முதலில் எட்டாகச் சுருக்கிவிட்டு, அப்புறம்தான் வெளிச்சம் கூட்டியது. சுருக்கும்போதே கல் போய்விட்டது. அமைப்புப் பட்டியலைத் திறந்தார். ஐந்து ரெண்டரர்கள் இருந்தன. முதலில் மாற்றியதில் திரை பச்சையானது. அடுத்ததில் படம் நின்றே போனது. நான்காவது, பத்து பிட்டிலேயே கணக்குப் போடக்கூடியது. தேர்ந்தெடுத்தார். இப்போது பிரகாசத்தை ஏற்றினால் கல் வரும்.

கூடவே அம்மாவின் முகமும் வரும். கடையில் கையால் மறைத்தது போல இங்கே எதைக் கொண்டு மறைப்பது? தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, போடு என்பது போலக் கையை அசைத்தாள். ஏற்றினார்.

மூக்கில் பஞ்சு வைத்த முகமும், அதற்குப் பின்னால் சிவப்புத் தலைக் கல்லும் ஒன்றாக வந்தன. யாரோ அழுதார்கள். இடுகாட்டுக் கமிட்டித் தலைவர் ஐயாவு எழுந்து, கல் வரிசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, நம் சமாதிகள் எல்லைக்குள்தான், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஸ்கந்தராஜா மட்டும் எழவில்லை. முன்பு இருந்ததைத் திரும்பப் போடச் சொன்னார். கல் மறைந்தது. மறுபடி மாற்றச் சொன்னார். வந்தது.

"தம்பி, நீங்கள் ஒரு வரியை மாத்தினா கல் வருது, மாத்தினா போகுது. இதை எடுக்கிற நேரமே இருட்டா எடுத்தவங்களா?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். மழை நாள் என்றோ கேமரா பழசு என்றோ யாரும் நம்பியிருப்பார்கள். சுகுமாரனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

"நான்தான் சார் இருட்டாக்கினேன்."

"கேசட் எங்கே?"

"ஆத்துல விட்டாச்சு சார்."

இருட்டாக்கினால் உள்ளது மறையுமே தவிர, இல்லாத கல் முளைக்காது என்று சொல்லப் பார்த்தார். பிட், படி, ரெண்டரர் என்று தமிழும் மலாயுமாகக் குழறினார். பன்னிரண்டு வீட்டு ஆட்களுக்கும் புரியவில்லை. ஸ்கந்தராஜாவுக்குப் புரிந்தது போலத்தான் இருந்தது. அதுதான் இன்னும் கொடுமை. படத்தில் கை வைக்கப்பட்டிருக்கிறது, மூலம் இல்லை, ஆகவே ஏற்பதற்கில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை அடுத்த மாதம் பத்தாம் தேதி தொடங்கும் என்றார். மனசு கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னார். பொய்யாகச் சொல்லவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

பின்வரிசையில் ஒருவர், அப்பனை அங்கே படுக்கவைத்தவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாய மூடிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா," என்றார். நாற்காலிகள் இழுபட்டன. சுகுமாரன் படத்தை நிறுத்த மவுஸைத் தேடினார்.

"நிறுத்தாதண்ணே."

தினேஸ்வரி தலையை நிமிர்த்தியிருந்தாள். இமைக்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு வந்து, வாய் எது கன்னம் எது என்று தெரியாமல் அரிசியைக் கொட்டிவிட்டு ஓடினாள்.

"பத்தாம் தேதி நான் லீவு போடுறேன்," என்றாள் தினேஸ்வரி. "தோண்டுறப்ப அம்மா கூட நிக்க ஆளு வேணும். இந்தத் தடவை கண்ண மூட மாட்டேன்."