ஒரு பிடி துவரம்பருப்பு

முதல் வீடாக வாங்க நினைத்த ஃபிளாட்டில் குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்தேன். லேசாகக் கரித்தது.

எழுபதுகளில், மரக்காணத்தில் நாங்கள் முதல் வீடு பார்க்கப் போன அன்று, அப்பா தேக்கு ஜன்னலைத் தடவிக்கொண்டே நின்றார். அம்மாவோ முந்தானையில் முடிந்து வந்திருந்த துவரம்பருப்பை அவிழ்த்தாள்.

"உங்க கெணத்துத் தண்ணில இத வேகவெச்சுப் பாக்கட்டுங்களா?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது.

எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். சவுக்கு விறகு புகைந்தது. பானை நெடுநேரம் கொதித்தது. ஒரு பருப்பை எடுத்து நசுக்கினேன். நசுங்காமல் நழுவி ஓடியது.

"இன்னும் கொஞ்சம் எரியட்டும்," என்றார் அப்பா.

வீட்டுக்காரம்மாவே விறகை வெளியே இழுத்தாள். "வேகாதுங்க. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து பாக்குறேன். அதான் விக்கிறோம்."

"தண்ணி சூப்பரா இருக்கும் மேடம்," என்று புரோக்கர் இப்போது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருங்க," என்றேன். "கீழ மளிகைக் கடையில துவரம்பருப்பு வாங்கிட்டு வர்றேன்."