வாக்கர் என்றொரு பெயர்

புலம்பெயர்ந்து வந்த நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் போகும் கிளினிக்கின் காவலாளி தமிழர் என்பது, அவர் கைபேசியில் கதைத்தபோதுதான் தெரிந்தது. நரைத்த மீசை. நெஞ்சில் 'வாக்கர்' என்று பெயர்த்தகடு. அதை அடிக்கடி கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார்.

ஆவல் தாங்காமல் ஒருநாள் கேட்டேன்: “அண்ணை, உங்களுக்கு எப்பிடி இந்த இங்கிலீஸ் பேர்?”

“பூட்டனார் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறேக்கை எடுத்தது, தம்பி.”

“ஊரிலை எவடம்?” எங்கள் ஆட்களின் வழக்கமான அடுத்த கேள்வி, தானாகவே வாயில் வந்துவிட்டது.

தகட்டைத் துடைத்த கை நின்றது. பிறகு சிரித்தார்.

“இடத்தைச் சொன்னால் சாதியைப் பிடிச்சுப்போடுவியள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் பேரை மாத்தினவர். நாங்கள் உடுப்பு வெளுத்த ஆக்கள். இஞ்சை வந்து லைப்ரரியிலை தேடிப் பாத்தன். வாக்கர் எண்டால் சும்மா நடக்கிறவன் இல்லையாம். அந்தக்கால இங்கிலாந்திலை கம்பளித் துணியைத் தொட்டியிலை போட்டுக் காலாலை மிதிச்சுத் துவைச்சவனாம்!”

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“வெள்ளைக்கார வாக்கர்மார் எத்தினை பேர் இருக்கினம். அவையை ஆரும் எவடம் எண்டு கேக்கிறேல்லை.”

அதன்பிறகு எத்தனையோ தடவை கதைத்திருக்கிறோம். என் ஊர் எதுவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.