ரொட்டிப் பெட்டியில் வந்த மனு

எண்பத்து மூன்றில் கொடைக்கானல் ஏரிச்சாலையில் இருந்த சைக்கிள் பாதையை எடுத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. ஏரியைச் சுற்றித் தினமும் சைக்கிள் மிதித்தவர் பவுல்ராஜ். பேக்கரியில் ரொட்டி ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினால், ஏழரைக்குள் ஓட்டல், பங்களா, பள்ளி விடுதி எல்லாவற்றுக்கும் போட்டு முடித்துவிடுவார். ஒரு சீசனில் டூரிஸ்ட் வேன் இடித்து அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் சாலையோரம் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டு, சைக்கிளுக்கென்று மூன்றடி ஒதுக்கினார்கள்.

அன்றிலிருந்து ஒரே புலம்பல். கார் நிறுத்த இடமில்லை என்றார்கள் ஓட்டல்காரர்கள். குதிரை மிரளுகிறது என்றார்கள் குதிரைக்காரர்கள். கல்லைப் பார்த்து மிரளும் குதிரையை நான் அதுவரை கண்டதில்லை. பேசியவர்களில் ஒருவரிடமும் சைக்கிள் கிடையாது. கடைசியில் கல்லை எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்க வீடுவீடாக யார் போவது? எல்லா வாசலுக்கும் போகிறவர் பவுல்ராஜ்தானே. பேக்கரி முதலாளி மனுவை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார். பவுல்ராஜ் மிஷன் பள்ளியில் எட்டாவது படித்தவர். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முடியாது என்றால் வேலை போய்விடும். மனுவை விசாரிக்கும் நகராட்சிக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சுமந்துகொண்டு போனார்.

பள்ளியில் குமாஸ்தாவாக இருந்த என்னிடமும் அது வந்தது. மேலே 'ஏரிச்சாலை மேம்பாடு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்கய்யா" என்றார்.

பிரேயர் மணி அடித்துவிட்டது. வாசிக்காமலே போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் மனுவை உரக்கப் படித்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. இங்கே சைக்கிளில் போகிறவர் யாராவது உண்டா என்று கேட்டார் அதிகாரி. பவுல்ராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மூன்று நாளாகப் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாராம். அவர் வாயைத் திறக்குமுன் ஓட்டல்காரர் ஒருவர் முந்திக்கொண்டார்.

"நம்ம ஆளுதாங்க. இந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கியாந்ததே அவருதான்."

சைக்கிள்காரருக்கே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பவுல்ராஜ் ஏதோ சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை. எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. என் கையெழுத்தும் அந்தத் தாளில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கக்கேடு.

திங்கட்கிழமையே கற்களைப் பிடுங்கிவிட்டார்கள். மே மாதம் அந்த மூன்றடி முழுக்கக் கார். பவுல்ராஜ் சைக்கிளில் ஏறுவதையே விட்டுவிட்டார். பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். ரொட்டி ஒன்பதரைக்கு வந்தது. கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் அவரைத்தான் திட்டினார்கள். எங்கள் மலைப் பள்ளிக்குக் குளிர்காலத்தில்தான் பெரிய லீவு, மே மாதம் வகுப்பு உண்டு. ஒருநாள் விடுதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போனதைப் பார்த்துவிட்டு, நானும் பொறுமையிழந்து ஏன் இவ்வளவு லேட்டு என்று கேட்டுவிட்டேன்.

ரொட்டியை அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார் பவுல்ராஜ்.

"அந்தக் காகிதத்தக் கொண்டாந்தப்ப வெரசாத்தான் வந்தேனுங்க. நீங்களும் வெரசாத்தான் கையெழுத்துப் போட்டீங்க."