மாடி வீட்டு நம்பர்

சேலையூரில் ஜாவா படித்தபோது என் பக்கத்து நாற்காலியில் ஒரு வங்கி ஊழியர் உட்காருவார். நெற்றி நிறைய விபூதி. கீபோர்டைக் கைக்குட்டையால் துடைக்காமல் தொடமாட்டார்.

ஒருநாள் பயிற்சிக்கு எழுதிய புரோகிராமில், ஒரு மாணவனின் விவரத்தை இன்னொரு பெயரில் நகலெடுத்துவிட்டதாக நினைத்து, அதில் மார்க்கைத் திருத்தினேன். பழைய பெயரிலும் மார்க் மாறிவிட்டது. எரிச்சலில் மேசையைத் தட்டினேன்.

"நகல் எங்க சார் எடுத்தீங்க? அதே பையனுக்கு இன்னொரு பேர்தான் வெச்சிருக்கீங்க" என்று சிரித்தார். "எங்க வீட்ல போன் இல்ல. மாடி வீட்டு மாமி நம்பரைத்தான் நானும் குடுக்கறேன், எதிர் வீட்டுக்காரரும் குடுக்கறாரு. அதனால போன் ரெண்டாயிடுமா?"

வகுப்பு முடிவதற்குள் அவர் வீட்டுக்கும் போன் வந்துவிட்டது. கடைசி நாளில் நம்பர் கேட்டேன். மாமி நம்பரையே சொன்னார்.

"உங்க வீட்லயே போன் வந்துடுச்சே சார்?"

"அதுல பேசினா காபி யாரு சார் தருவாங்க?"

அவர் பெயர் மறந்துவிட்டது. மாமியின் நம்பர் இன்னும் மனப்பாடம்.