வலது பக்கத்தில் எழுதியது

1996 நவம்பர் 19, செவ்வாய். காலை 5.10க்கு எழுந்தேன். 5.20க்கு மதினி வெந்நீர்ச் சட்டியோடு என் கணவரின் அறைக்குள் போய்க் கதவை அடைத்தார். 6.00க்குத் திறந்தார். 7.15க்கு மூன்று இட்லி. 8.25க்குப் பள்ளிக்குக் கிளம்பினேன். அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவும் சீராக எழுதியிருக்கிறேன். அந்தக் கையெழுத்து கொஞ்சமும் நடுங்காமல் இருப்பதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

மதினி என் கணவரின் அக்கா. கணவனை இழந்தவர். சீவலப்பேரியில் சிறிய வயலொன்றைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். அந்த வருடக் கோடையில் என் கணவர் மாடிப்படியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் விழுந்தபோது, வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். நான் ஆசிரியை. என் சம்பளம்தான் வீட்டுக்கு. மதினி இல்லாவிட்டால் ஒருநாள்கூட நான் வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

அக்டோபரில், கிளை நூலகத்திலிருந்து மனித இயல்பைப் பற்றிய ஒரு நூலை எடுத்து வந்தேன். கதை படிக்கப் பொறுமையில்லாத காலம். எந்த உதவிக்கு அடியிலும் ஓர் ஆதாயம் உண்டு, நெருங்கியவர்களிடம் அது ஆழப் புதைந்திருக்கும், பத்து நாள் கவனித்துக் குறித்து வந்தால் வெளிப்படும் என்றது அது. அதை நம்பினேன் என்பதைவிட, அது என் வழக்கத்துக்கு ஒத்துவந்தது என்பதே சரி. குறித்து வைப்பது எனக்குக் கைவந்த வேலை.

இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. நாட்குறிப்பின் இடது பக்கத்தில் மாத்திரை நேரங்களை எழுதி அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டுப் போவேன். ஐந்தாம் வகுப்புவரை படித்த மதினி அதைப் பார்த்துக் கொடுத்து, பக்கத்தில் 'குடுத்தாச்சு' என்று எழுதுவார். வலது பக்கத்தை அவர் படிக்க மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அங்கேதான் எழுதினேன்: 'தினமும் நாற்பது நிமிடம் கதவு அடைப்பு. உள்ளே தாழ்ந்த பேச்சு. வீட்டில் பங்கு கேட்கிறாரா?'

அந்தச் செவ்வாய் மாலை 4.50க்குத் திரும்பியபோது என் கணவரின் கட்டிலருகே பக்கத்து வீட்டம்மா உட்கார்ந்திருந்தார்.

"உங்க மதினி மத்தியானமே கிளம்பிட்டாவ, டீச்சர். நீங்க வாரவரைக்கும் இங்கன இருக்கச் சொன்னாவ."

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியில் நாட்குறிப்பு விரிந்து கிடந்தது. மத்தியான மாத்திரைக்கு எதிரே அன்றும் 'குடுத்தாச்சு' என்றிருந்தது.

அந்தம்மாவை இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு 5.20 பேருந்தில் சீவலப்பேரிக்குப் போனேன். மதினி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். நோட்டு கொண்டாரலியா? நான் பெருக்குததை எந்தப் பக்கத்துல எழுதுவிய?"

காலில் விழுந்தேன். என்னைத் தள்ளவுமில்லை, தொடவுமில்லை.

"நான் பங்கா கேட்டேன், ஏட்டி? அவன் இடுப்புக்குக் கீழ புண்ணு பொத்துப்போயிருக்கு. அதைத்தான் கழுவிக்கிட்டிருந்தேன். 'அவகிட்டச் சொல்லாதக்கா, பயந்துருவா, வேலைக்குப் போமாட்டா'ன்னு என் கையைப் புடிச்சு அழுதான். கதவு எதுக்கு அடைச்சிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"வந்துருங்க மதினி. நீங்க இல்லாட்டா அவுக பிழைக்க மாட்டாவ."

"பிழைப்பான். நீ பாத்துக்கிடுவ. நான் வந்தா, ஒரு செம்புத் தண்ணி மோந்தாக்கூட உன் மூஞ்சியத் திரும்பித் திரும்பிப் பாக்கணும். அது எனக்கு ஏலாது."

எவ்வளவோ கெஞ்சினேன். அவர் மறுபடியும் விளக்குமாற்றை எடுத்தார். நான் வாசலுக்கு வந்ததும் உள்ளேயிருந்து சொன்னார்: "வெந்நீ நல்லா ஆறணும். துணிய நனைச்சுப் பைய ஒத்தி எடு. தேச்சிராத."

திரும்பும் பேருந்தில், மறந்துவிடுமோ என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கைப்பையில் பேனா இருந்தது. எடுக்கவில்லை. அந்த நூல் முழுப் பொய் என்று சொல்ல எனக்கு அருகதையில்லை. பத்து நாள் அந்தக் கதவின் முன் நின்றும் நான் தட்டவில்லையே, அதில் எனக்கு ஓர் ஆதாயம் இருந்தது: உள்ளே போக வேண்டியதில்லை.

மறுநாள் 5.10க்கு எழுந்தேன். முதல் வேலையாக வெந்நீர் வைத்து, அது ஆறும்வரை அடுப்பருகே நின்று, பிறகு அறைக்குள் போனேன். "நீ வேண்டாம்" என்றார் என் கணவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு. அவரைப் பையப் புரட்டிக் கட்டுத்துணியை அவிழ்த்தேன். புண் என் உள்ளங்கையளவு இருந்தது.