கனகசபை ஏறாத வண்டி

திருச்சி ஜங்ஷனில் குதிரை வண்டி ஓட்டிய வீரமலை வாயாடி. ஆனால் அந்த வாயால் அவன் கெட்டது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவை ஆறு வருஷம் அவனைத் தின்றது.

1937, மாசி மாதம். நடிகர் கனகசபை ஸ்ரீரங்கத்தில் நாடகம் போட ரயிலில் வந்து இறங்கினார். கனகசபை என்றால் சும்மாவா! அவர் பாட ஆரம்பித்தால் டெண்டுக் கொட்டகையில் பீடி பற்ற வைத்தவன் பீடியை மறந்து விரலைச் சுட்டுக்கொள்வான். வீரமலை ஒரே படத்தைப் பதினேழு தரம் பார்த்தவன். அவர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் வண்டிக்குப் பச்சை வர்ணம் அடித்தான், வைக்கோல் மாற்றினான், புது ஜமுக்காளம் விரித்தான். குதிரை ராசாத்தியின் நெற்றிக்குச் சிவப்புக் குஞ்சம். அவருக்குக் கார் வரும் என்று ஊரே சொன்னது. இவன் மட்டும் மனசுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

வேண்டுதல் பலித்தது. கார் வழியில் படுத்துவிட்டது. கனகசபை நேராக நடந்து வந்து வீரமலையின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்!

நல்ல கனமான ஆள். அவர் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது, முன்னால் ஏர்க்கால் தூக்கியது, ராசாத்தியின் வயிற்று வார் இறுகியது. இப்படி ஆனால் வண்டிக்காரன் என்ன சொல்வான்? ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்கிற வார்த்தை வீரமலையின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க, பின்பாரம்!"

ஐயா இல்லை, சாமி இல்லை. மொட்டையாக அவ்வளவுதான்.

கூட வந்த மானேஜர் பாய்ந்தார். "எலேய், யாரப் பாத்து தள்ளி உக்காருங்கற? அரிசி மூட்டையா இது?"

கனகசபை என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மானேஜர்தான் கையைப் பிடித்து இறக்கி, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார். அடுத்த வண்டி ஷேக் தாவூதுடையது. தாவூது வாயைத் திறக்காமல் சாட்டையை எடுத்தான். வண்டி போய்விட்டது. புது ஜமுக்காளத்தில் ஒரு குழி மட்டும் மிச்சம்.

அடுத்த மாதமே தாவூதின் வண்டிக்குப் பின்னால் 'கனகசபை ஏறிய வண்டி' என்று கொட்டை எழுத்தில் பெயிண்ட் ஏறியது. அதற்கப்புறம் கல்யாண மாப்பிள்ளைக்கு அந்த வண்டிதான் வேண்டும். காலேஜ் பையன்கள் முன்னால் நிற்கிற வண்டியை விட்டுவிட்டு அதற்காகக் காத்து நின்றார்கள். தாவூது சொல்கிற கதையும் வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது. முதல் வருஷம் கனகசபை தாவூதின் குதிரை சுல்தானைத் தட்டிக் கொடுத்தார். இரண்டாம் வருஷம் தன் மாலையைக் கழற்றி சுல்தானுக்குப் போட்டார். நாலாம் வருஷம் காவேரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சுல்தானுக்காகவே ஒரு பாட்டுப் பாடினார்! ஒவ்வொரு வளர்ச்சியும் வீரமலைக்கு மனப்பாடம். இதில் ஸ்டாண்டுக்காரர்கள் வேறு, பீடிக்கு நெருப்புக் கேட்கும்போதுகூட, "வீரமலை, நான் கொஞ்சம் தள்ளி உக்காரட்டுமா?" என்பார்கள்.

கொடுமை என்னவென்றால் தாவூது நல்லவன். ஒரே புல்லுக்கட்டை இரண்டு குதிரைக்கும் பிரித்துப் போடுவான். ஒருத்தன் சாப்பிடப் போனால் மற்றவன் இரண்டு வண்டியையும் பார்த்துக்கொள்வான். முழுசாக வெறுக்கவும் முடியவில்லையே!

1943, ஆவணி. கனகசபை சென்னையில் காலமானார் என்று பேப்பரில் வந்தது. அன்றைக்குத் திருச்சியைப் பார்த்திருக்க வேண்டும். கொட்டகையில் படம் இல்லை. கொட்டகை வாசலில் பூ விற்கும் சகாயம்மாள் கூடையிலிருந்த பூவையெல்லாம் போஸ்டர்மேல் கொட்டிவிட்டு, கூடப்பிறந்தவன் போனதுபோல் மாரில் அடித்துக்கொண்டாள். வீரமலை ராசாத்தியின் பிடரியில் முகத்தைப் புதைத்து அழுதான். பொய்யில்லாத அழுகை. அழுதபடியே ஓரக்கண்ணால் பார்த்தான்.

எல்லோரும் வரிசையாக வந்து தாவூதின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்!

"பாய், மனசத் தேத்திக்கங்க. உங்களுக்குத்தான் பெரிய இழப்பு."

"என்னங்க பண்றது, அல்லா குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று தாவூது கண்ணைத் துடைத்தான். சாவுப் பந்தலில் கொள்ளி வைக்கப்போகிற பிள்ளைபோல நடுவில் அவன். வீரமலையிடம் ஒரு நாய்கூட விசாரிக்கவில்லை. கண்ணீர் அப்படியே காய்ந்துபோயிற்று.

மூன்றாம் நாள் கனகசபையின் படத்தை ஊர்வலமாக எடுத்துப்போய் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் எல்லோரும் தலை முழுகுவதாக ஏற்பாடு. செய்தவர் ரசிகர் சங்கத்துக் காரியதரிசி பிலோமின்ராஜ். தென்னூர்க்காரர், ரயில்வே குமாஸ்தா. வீரமலை அவர் வீட்டுக்கே போனான்.

"சார், படத்த என் வண்டியில வச்சுக்கங்க."

"அது எப்படிப்பா? அவரு ஏறின வண்டி இருக்கையில…"

"அதனாலதான் சார் கேக்குறேன். உயிரோட இருக்கையில என் வண்டியில ஒக்கார விடல. செத்தாவது ஒருதரம் ஏறட்டுமே!"

பிலோமின்ராஜ் கொஞ்சம் இளகினார். ஆனால் தலையை ஆட்டிவிட்டார். "சனங்க ஒத்துக்க மாட்டாங்க வீரமலை. நீ வேணா பின்னாலயே வா."

ஊர்வல நாள் மத்தியானம். பாங்கு சொன்னதும் தாவூது எழுந்தான். "மாப்ளே, சுல்தானைப் பாத்துக்க. தொழுதுட்டு வந்துர்றேன்."

"போயிட்டு வா பாய்" என்றான் வீரமலை. தாவூதின் தலை மறைந்ததும் வண்டியடியிலிருந்து ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தான். சுல்தானுக்கு இவன் கையும் பழகின கைதான். கேட்டதும் காலைக் கொடுத்தது. முன்னங்கால் லாடத்தில் மூன்று ஆணிகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டான். காலைக் கீழே விட்டபோது குதிரை திரும்பி அவனை மோந்து பார்த்தது. வீரமலை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

நாலு மணிக்கு மெயின்கார்டு கேட்டிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. ஆள் உயரப் படம், மாலைக்கு மேல் மாலை, முன்னால் பேண்டு. நினைத்தபடியே ஆயிற்று. பாலத்துக்கு முன்னால் சத்திரத்துப் பக்கத்துப் புழுதியில் லாடம் கழன்று விழுந்தது யார் காதிலும் விழவில்லை. காவேரிப் பாலத்தில் நாலு எட்டு வைத்ததும் சுல்தான் நொண்டியது, நின்றது. தாவூது குதித்துக் காலைத் தூக்கிப் பார்த்தான். பின்னால் வந்த வீரமலையையும் ஒரு கணம் பார்த்தான். காலை மெதுவாகக் கீழே விட்டு, "இனி நடக்காது சார்" என்றான்.

"வேற வழியில்ல, படத்த வீரமலை வண்டிக்கு மாத்துங்க" என்றார் பிலோமின்ராஜ்.

படம் ஏறியது! வீரமலை கடிவாளத்தைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து சகாயம்மாள் கத்தினாள்.

"ஐயோ, வாயில்லா சீவனுக்குத் தெரியுதே! அவரச் சொமந்த கடன் அதுக்கு! அவரு போன துக்கத்துல நடக்க மாட்டேங்குதே!"

அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் சுல்தானைச் சூழ்ந்துகொண்டது. படத்திலிருந்த மாலைகளையே எடுத்து அதன் கழுத்தில் போட்டார்கள். காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். சுல்தானின் கண்ணில் காற்றோடு வந்த மணல் பட்டு நீர் வழிய, பெண்கள் 'ஓ'வென்று கதறினார்கள். பேண்டுக்காரர்கள்கூட அங்கேயே நின்றுவிட்டார்கள்.

வீரமலை, பிலோமின்ராஜ், படம். இவ்வளவு பேர்தான் ஸ்ரீரங்கத்துப் பக்கம் நகர்ந்தார்கள்.

படத்தின் கனத்தில் வண்டி பின்பாரமாக இருந்தது. ஏர்க்கால் தூக்கியது. வீரமலை தானே முன்னால் தள்ளித் தள்ளி, ராசாத்தியின் வாலை இடிக்கிற அளவுக்கு ஏர்க்கால் நுனியில் போய் உட்கார்ந்துகொண்டான். அம்மா மண்டபம் வரைக்கும் அப்படியேதான். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. பார்க்கத்தான் ஆளில்லை.

ஒரு மாதம் கழித்துத் தாவூதின் வண்டியில் பெயிண்டர் இரண்டாவது வரியும் எழுதினான்: 'கனகசபைக்காக அழுத குதிரை.' அதைப் படித்ததும் வீரமலைக்குத் தாங்கவில்லை. ஸ்டாண்டு நடுவில் நின்று, ஒரு மாதமாக மடியிலேயே வைத்திருந்த மூன்று ஆணிகளையும் தரையில் எறிந்தான்.

"அது அழுவல! லாடம் கழண்டு நொண்டுச்சு! நான்தான் ஆணியப் புடுங்கினேன். இந்தா, பாருங்க!"

யாரும் ஆணியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சீச்சீ, பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றான் ஒருத்தன். "செத்தவரு பேரக் கெடுக்கவா இப்படி ஒரு பொய்யி?" என்றான் இன்னொருத்தன். ரயிலுக்கு வந்திருந்த பிலோமின்ராஜ், "வீட்டுக்குப் போய்ப் படு வீரமலை" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் கலைந்த பிறகு தாவூது வந்து அந்த ஆணிகளைப் பொறுக்கினான்.

"பாலத்துலயே தெரியும் மாப்ளே. காலையில தட்டிப் பாத்தப்ப இறுக்கமா இருந்த லாடம் தானா கழலுமா?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னை ஆத்துல தூக்கிப் போட்டிருப்பானுங்க." கொஞ்சம் தயங்கினான். "அப்பறம்… சனங்க சுல்தானைக் கும்புடறதப் பாத்ததும் எனக்கும் வாய் வரல."

வீரமலை வண்டிப் படியில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் நெசத்தச் சொல்லு பாய். அன்னிக்கு அவரு உன் வண்டியில ஏறினப்ப பின்பாரம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. சுல்தான் வழியெல்லாம் முக்கிச்சு." தாவூது ஆணிகளை உள்ளங்கையில் உருட்டினான். "பாலத்துல அவரே கேட்டாரு. 'ஏம்ப்பா, அந்த ஆளு சொன்னது சரிதானே, நான் கொஞ்சம் தள்ளி உக்காரணுமோ?'ன்னாரு. வேணாம் சாமின்னுட்டேன்."

வீரமலை சட்டென்று நிமிர்ந்தான். "இல்லாததெல்லாம் சொன்னியே பாய். ஆறு வருஷமா இத மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னா," என்றான் தாவூது, "போற வழியில அவரு நெனச்சது உன்னைத்தான்னு ஆயிடுமே."

வீரமலை எழுந்தான். சுல்தானின் பக்கம் போய், இறுகிக் கிடந்த அதன் வயிற்று வாரை ஒரு துளை தளர்த்திவிட்டான்.