விழுந்த பல்

ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாயையும் பூனையையும் விட்டுவிட்டுப் போகும் விடுதி அது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் நல்ல மனிதர்தான், கோபப்படக்கூடச் சோம்பல். நாய்களால் அவருக்குத் தொல்லை இல்லை. சொந்தக்காரர்களால்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டோ போயாக வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால், "செல்லம் என்ன பண்றான்?" என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அவ்வளவு பாசம் இருந்தால் கூடவே கூட்டிப்போக வேண்டியதுதானே? கேட்க முடியுமா?

அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையிலேயே ஒவ்வொன்றையும் பிடித்து வந்து, கிண்ணத்தருகே, பந்தோடு, பாயில் என்று ஆறு படம் எடுத்துவிடுவார். பிறகு மணி பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவார். மூன்று மணிக்கு அந்த நாய் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது நாய்க்கே வெளிச்சம்.

மனைவி வேறு ஊர் மருத்துவமனையில் நர்ஸ். மாதம் ஒருமுறைதான் வருவாள். "தினம் பாப்பா போட்டோ ஒண்ணு அனுப்பிடுங்க, அது போதும் எனக்கு" என்று அவள் கேட்டது அவ்வளவுதான். கைவந்த கலை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஏழு உடை மாற்றி, ஏழு படம் எடுத்து, வாரம் முழுவதையும் முடித்துவிடுவார். இதை ஏமாற்று என்று அவர் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை, அதுதான் கொடுமை.

வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளி விட்டு வந்த மகள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அன்றைக்கான படத்தை அனுப்பினார். ஒரு நிமிடத்தில் மனைவி கூப்பிட்டாள்.

"இது எப்ப எடுத்தது?"

"இப்பதான்."

"முன்பல் விழுந்துடுச்சுன்னு காலையில அவ போன்ல சொன்னா. படத்துல பல்லு இருக்கு."

குட்டு உடைந்துவிட்டது, என்ன சொல்லிச் சமாளிக்க?

"எத்தனை மாசமா இப்படி?" என்று கேட்டாள். அவள் கத்தவில்லை. "சனிக்கிழமை வர்றேன். பாப்பாவ எங்கூடவே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கால் மரத்துப் போவதைப்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. மகளை அழைத்துப் போய்விட்டால் வீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்தது; தெரிந்ததே தவிர, வலிக்கவில்லை. அது அவரைப் பயமுறுத்தியது.

போனை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"பல்லு எப்ப விழுந்துச்சும்மா?"

"முந்தாநேத்து. உங்ககிட்ட காட்டினேனேப்பா. சூப்பர்னு சொன்னீங்க."

அவருக்கு நினைவில்லை. தன் நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டு, முகத்தையே பார்த்தார். மகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, உதட்டை மூடிச் சிரித்தபடி அசையாமல் இருந்தாள்.

"போட்டோ இல்லம்மா. சும்மாதான் பாக்கறேன்."

அவள் சிரிப்பைக் கலைக்காமலே கேட்டாள்.

"சும்மாவா? எதுக்குப்பா?"